லாகின் சேர்க்க இரண்டு நாள் போதுமா?

பட்டறைக்காரன் | திங்கள், இரவு 9.50

வணக்கம். பழுதுபார்க்கும் வேலைகளைக் குறித்துவைக்க ஒரு செயலி எழுதியிருக்கிறேன். பைத்தான் மொழி, ஃபிளாஸ்க் என்ற வலைச் சட்டகம், பின்னால் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். ஒன்றரை வருடமாக அலுவலகத்துக்குள் ஒரே கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் வந்து உட்கார்ந்தாலும் எல்லாம் தெரியும், அதனால் லாகின் என்ற பேச்சே எழவில்லை. இப்போது அதை இணையத்தில் வைக்கச் சொல்கிறார்கள். வேலை செய்பவர்கள் 12 பேர். அதோடு, பொருளைக் கொடுத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளரும் தன் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

என் திட்டம்: யூசர் டேபிள் ஒன்று. கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திருப்பி எடுக்க முடியாத எஸ்ஹெச்ஏ-256 ஹாஷாக மாற்றி வைப்பது. லாகின் ஆனதும், யார் என்ற விவரத்தைச் சர்வரின் கையொப்பத்தோடு தாங்கும் ஜேடபிள்யூடி டோக்கன் கொடுத்து, அதை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைப்பது. ‘ரோல்’ என்று ஒரு ஃபீல்டு, அதில் நிர்வாகி, ஊழியர், வாடிக்கையாளர். இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியும் விட்டேன். எங்கேயாவது தப்பு இருக்கிறதா?

நாலாம்வரி | திங்கள், இரவு 10.15

நாள் கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் எஸ்ஹெச்ஏ-256-ஐ எடுத்துவிடுங்கள். அது மோசமான அல்காரிதம் இல்லை, ரொம்ப வேகமான அல்காரிதம். ஒரு கோப்பு மாறாமல் வந்து சேர்ந்ததா என்று பார்க்க அந்த வேகம் நல்லது. கடவுச்சொல் விஷயத்தில் அதே வேகம் திருடனுக்குத்தான் பயன்படும். உங்கள் டேபிள் வெளியே போய்விட்டால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு விநாடிக்கு நூறு கோடிக் கணக்கில் போட்டுப் பார்த்துவிடலாம்.

2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியே போனவை சால்ட் (ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் சேர்க்கும் தனித்தனித் தற்செயல் சரம்) இல்லாத எஸ்ஹெச்ஏ-1 ஹாஷ்கள். முதலில் 65 லட்சம் என்றார்கள், 2016-இல்தான் 11 கோடியே 70 லட்சம் என்று தெரியவந்தது. சால்ட் இல்லாததால் ஒரே கடவுச்சொல் வைத்த எல்லாருக்கும் ஒரே ஹாஷ். ஒருவருடையது உடைந்தால் அத்தனை பேருடையதும் உடைந்தது.

இதற்கென்றே வேண்டுமென்று மெதுவாக்கப்பட்ட ஹாஷ்கள் உண்டு. பீ-கிரிப்ட் 1999-இல் வந்தது, எஸ்-கிரிப்ட் 2009-இல். ஆர்கான்2, 2015-இல் கடவுச்சொல் ஹாஷுக்கென்று நடந்த போட்டியில் வென்றது. நீங்கள் ஃபிளாஸ்க் என்பதால் தனியாக எதையும் நிறுவக்கூட வேண்டாம். அதோடு வரும் வெர்க்சாய்க் நூலகத்தில் ஹாஷ் செய்ய ஒரு ஃபங்ஷன், சரிபார்க்க ஒரு ஃபங்ஷன் இருக்கின்றன. இப்போதைய பதிப்புகளில் கேட்காமலே எஸ்-கிரிப்ட்தான். சால்ட்டையும் அதுவே போட்டு, ஹாஷோடு ஒரே சரமாகக் கோத்துத் தந்துவிடும்.

பழையசர்வர் | திங்கள், இரவு 10.40

ஹாஷ் ஒரு மணி நேர வேலை, அதை விடுங்கள். எனக்கு அந்த ரோல் ஃபீல்டைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

தம்பி, வாடிக்கையாளர் ஒருவர் ஒழுங்காக லாகின் செய்து தன் வேலை எண் 417-ஐப் பார்க்கிறார். முகவரிப் பட்டையில் 417 என்பதை அழித்துவிட்டு 418 என்று தட்டினால் என்ன வரும்?

பட்டறைக்காரன் | திங்கள், இரவு 10.44

அடக் கடவுளே. 418 வரும். பெயர், போன் நம்பர் எல்லாம் சேர்த்தே வரும்.

பழையசர்வர் | திங்கள், இரவு 11.05

வரும்தானே. லாகின் என்பது ‘நீ யார்’ என்ற கேள்விக்குப் பதில். ‘இதை நீ பார்க்கலாமா’ என்பது வேறு கேள்வி. அதை ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு வரிசைக்கும் கேட்க வேண்டும். 2019-இல் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய நிறுவனத்தின் தளத்தில், முகவரியில் இருந்த எண்ணை மாற்றினாலே அடுத்தவருடைய ஆவணம் திறந்தது. அப்படித் திறந்து கிடந்தவை 88.5 கோடி ஆவணங்கள். வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பத்து ஆபத்துகள் பட்டியலில் இந்த வகைக் குறை 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது, 2021-இல் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

நான் செய்வது இரண்டு. ஒன்று, டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போதே ‘எண் 418, அதோடு உரிமையாளர் இவர்’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பது. எடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம் என்றால் என்றைக்காவது ஒரு பக்கத்தில் மறந்துபோகும். கிடைக்கவில்லை என்றால் 404, அதாவது ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’. ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி.

இரண்டாவது, எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தேவையானதை மட்டும் திறப்பது. பக்கத்துக்குப் பக்கம் ‘லாகின் வேண்டும்’ என்று ஒட்டிக்கொண்டு போனால், ஆறு மாதம் கழித்து அவசரத்தில் எழுதும் பக்கத்தில் ஒட்ட மறப்பீர்கள். ஃபிளாஸ்க்கில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் ஓடும் ஒரு கொக்கி இருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள். லாகின் பக்கம், கடவுச்சொல் மறந்த பக்கம் இரண்டுக்கு மட்டும் விதிவிலக்கு.

டோக்கன்தம்பி | செவ்வாய், காலை 7.20

ஜேடபிள்யூடி பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அது சரிதான் என்று எடுத்துக்கொள்ளலாமா? சர்வரில் எதையும் வைக்க வேண்டாம், நாளைக்கு மொபைல் ஆப் வந்தாலும் அதே டோக்கன். எனக்கு அது பிடிக்கும்.

நாலாம்வரி | செவ்வாய், காலை 8.00

பிடிக்கட்டும். ஆனால் 12 ஊழியரில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர் கையில் இருக்கும் டோக்கனை எப்படிச் செல்லாமல் ஆக்குவீர்கள்?

டோக்கன்தம்பி | செவ்வாய், காலை 8.12

ரத்து செய்த டோக்கன்களை ஒரு டேபிளில் எழுதிவைத்து ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளலாம்.

நாலாம்வரி | செவ்வாய், காலை 8.15

அப்படியானால் சர்வரில் எதையும் வைக்க வேண்டாம் என்று ஆரம்பித்த பேச்சு என்ன ஆயிற்று? சுற்றி வளைத்து, யார் உள்ளே இருக்கிறார் என்று சர்வரில் குறித்துவைக்கும் செஷன் டேபிளுக்கே வந்துவிட்டீர்கள்.

டோக்கன்தம்பி | செவ்வாய், காலை 8.40

ஜேடபிள்யூடியை அடிப்பது இப்போது ஒரு ஃபேஷன். பல சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில், ஒவ்வொன்றும் டேட்டாபேஸைப் போய்க் கேட்காமல் கையொப்பத்தைப் பார்த்தே நம்பலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆயுளை 10 நிமிடமாக வைத்து, புதுப்பிக்கும் டோக்கனைத் தனியாக வைத்தால் ரத்து செய்வதும் முடியும். ஆனால் ஒரு சர்வர், ஒரு டேட்டாபேஸ், 12 பேர் என்றால் அது அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன். லோக்கல் ஸ்டோரேஜுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பக்கத்துக்குள் ஒரு வரி அந்நிய ஜாவாஸ்கிரிப்ட் நுழைந்தால் போதும், டோக்கனை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, ஜேடபிள்யூடி பயன்படுத்துவோருக்கு: சரிபார்க்கும்போது எந்த அல்காரிதம் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். டோக்கன் தலையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அந்த இடத்தில் ‘நன்’ (எதுவும் இல்லை) என்று எழுதி அனுப்பினால் கையொப்பமே இல்லாமல் ஏற்றுக்கொண்ட நூலகங்கள் பல இருந்தது 2015-இல் வெளியே வந்தது.

பட்டறைக்காரன் | செவ்வாய், காலை 9.30

சரி, ஜேடபிள்யூடி வேண்டாம். ஃபிளாஸ்க்கிலேயே செஷன் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்கிறேன். முடிந்தது அல்லவா?

பழையசர்வர் | செவ்வாய், காலை 10.10

பாதி முடிந்தது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஃபிளாஸ்க் தரும் செஷன் சர்வரில் இல்லை. விவரம் முழுவதும், பிரவுசர் ஒவ்வொரு முறையும் அனுப்பும் குக்கிக்குள்ளேயே பயணம் செய்கிறது. ரகசியச் சாவியால் கையொப்பம் போட்டிருக்கிறதே தவிர மறைத்துவைக்கவில்லை, யாரும் பிரித்துப் படிக்கலாம். லாகவுட் அழுத்தினால் பிரவுசரில் இருக்கும் குக்கி போகும். ஆனால் அதற்கு முன்பே அந்தக் குக்கியை ஒருவர் நகலெடுத்து வைத்திருந்தால் அது இன்னும் செல்லும். நாலாம்வரி கேட்ட ‘நின்றுபோன ஊழியர்’ கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது.

உங்களுக்கு ஏற்ற எளிய வழி: ‘செஷன்’ என்று ஒரு டேபிள். லாகின் ஆகும்போது 32 பைட் அளவுக்குத் தற்செயல் எண் ஒன்றை உருவாக்குங்கள். பைத்தானின் சீக்ரெட்ஸ் தொகுதியிலிருந்து எடுங்கள், ரேண்டம் தொகுதியிலிருந்து வேண்டாம், அதை ஊகிக்க முடியும். குக்கியில் அந்த எண் மட்டும் போகட்டும். டேபிளில் அதன் ஹாஷ், யூசர் எண், தொடங்கிய நேரம், கடைசியாகப் பயன்பட்ட நேரம். இங்கே எஸ்ஹெச்ஏ-256 தாராளமாகப் போதும், 32 பைட் தற்செயல் எண்ணை யாரும் ஊகித்து முடிக்கப்போவதில்லை. லாகவுட் என்றால் வரிசையை அழிப்பது. ஊழியரை நீக்கினால் அவருடைய எல்லா வரிசையையும் அழிப்பது. ‘எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு’ பொத்தானும் இதிலேயே சும்மா கிடைத்துவிடும்.

குக்கிக்கு மூன்று கொடி: ஹெச்டிடிபி-ஒன்லி, செக்யூர், சேம்சைட் லேக்ஸ். முதலாவது இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் குக்கியைப் படிக்க முடியாது. இரண்டாவது இருந்தால் குக்கி ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே போகும். மூன்றாவது, வேறு தளத்திலிருந்து வரும் ஃபார்ம் உங்கள் குக்கியோடு வந்து சேராமல் தடுக்கும். ஆனால் லேக்ஸில் சாதாரண இணைப்பைக் கிளிக் செய்தால் குக்கி போகும். எனவே, வேலையை நீக்கும் பொத்தானை நீங்கள் ஒரு இணைப்பாக எழுதியிருந்தால்…

பட்டறைக்காரன் | செவ்வாய், காலை 10.18

எழுதியிருக்கிறேன். எல்லா நீக்கமும் இணைப்புதான். இதையும் மாற்ற வேண்டுமா?

பழையசர்வர் | செவ்வாய், காலை 10.20

மாற்ற வேண்டும். எதையாவது மாற்றும் செயல் எல்லாம் ஃபார்மை அனுப்பும் போஸ்ட் முறை வழியாகத்தான் போக வேண்டும், கூடவே அந்த ஃபார்ம் நம் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். இது லாகின் வந்ததால் முளைத்த வேலை இல்லை, லாகின் வந்ததால் கண்ணில் பட்ட வேலை.

பட்டறைக்காரன் | செவ்வாய், மதியம் 1.35

சின்னக் கேள்வி. கடவுச்சொல்லுக்கு என்ன விதி வைப்பது? ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, 90 நாளுக்கு ஒருமுறை மாற்றம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

எழுத்தெண்ணி | செவ்வாய், மதியம் 2.30

தமிழில் கடவுச்சொல் வைப்பவர் பெரிய எழுத்துக்கு எங்கே போவார்?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தக் கலவை விதியும் வேண்டாம், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசியில் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். நீளத்தைப் பாருங்கள். ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் அதற்கென்று வசதி உண்டு. கடவுச்சொல்லின் எஸ்ஹெச்ஏ-1 ஹாஷில் முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்பினால், அப்படித் தொடங்கும் எல்லா ஹாஷின் மீதிப் பகுதியும் திரும்பி வரும். நம்முடையது அதில் இருக்கிறதா என்று நம் சர்வரிலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடவுச்சொல் வெளியே போவதில்லை.

தமிழ் என்று பேச்சு வந்துவிட்டதால், பலரும் விழும் ஒரு குழியைச் சொல்கிறேன். பீ-கிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. ஆங்கிலத்தில் 72 எழுத்து என்றால் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘வெ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு வகரமும் கொம்பும் சேர்ந்து இரண்டு குறி, 6 பைட். ‘வெள்ளைக்காக்கை பறக்கிறது’ என்று ஒருவர் கடவுச்சொல் வைக்கிறார் என்று வையுங்கள். வெள்ளைக்காக்கை நம் கணக்கில் 7 எழுத்து, ஆனால் 14 குறி, 42 பைட். இடைவெளி 1. பறக்கிறது 9 குறி, 27 பைட். மொத்தம் 70. அதற்குப் பிறகு இரண்டே பைட்தான் மிச்சம். அவர் பாதுகாப்புக்கென்று பின்னால் இன்னும் நாலு சொல் சேர்த்திருந்தாலும் வீண். சில நூலகங்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும், சில பிழை என்று நிறுத்தும். நிறுத்துவது நல்லது.

இந்த 72 பெரியவர்களையும் விடவில்லை. 2024 அக்டோபர் இறுதியில் ஆக்டா நிறுவனம் ஒரு குறையைத் தானே கண்டுபிடித்து, பிறகு அறிவித்தது. இத்தனைக்கும் அடையாளம் சரிபார்ப்பதே அவர்களுடைய தொழில். யூசர் எண், யூசர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பீ-கிரிப்ட்டில் போட்டு ஒரு கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சாவி செய்திருந்தார்கள். யூசர் பெயர் 52 எழுத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் கடவுச்சொல் வரிசையின் கடைசியில் வெட்டுப்பட்டுப் போயிற்று. முன்பு சரியாக லாகின் ஆன சாவி கேஷில் இருந்தால், சில சூழ்நிலைகளில் எந்தக் கடவுச்சொல் கொடுத்தாலும் உள்ளே விட்டுவிடும்.

டோக்கன்தம்பி | செவ்வாய், மதியம் 2.50

அண்ணா, அவர் எஸ்-கிரிப்ட்தானே போடுகிறார்? அதற்கு இந்த வரம்பு கிடையாதே.

எழுத்தெண்ணி | செவ்வாய், மதியம் 3.10

கிடையாது, சரிதான். ஆனால் அடுத்த குழி எல்லா ஹாஷுக்கும் பொது. ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டு. திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், பைட்டுகள் வேறு, ஆகவே ஹாஷும் வேறு. வீட்டுக் கணினியின் விசைப்பலகை ஒரு விதமாகவும் போன் வேறு விதமாகவும் அனுப்பினால், சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொல்லும் உங்கள் செயலி. அவர் பத்து முறை அடித்துப் பார்த்துவிட்டு உங்களைத் திட்டுவார். ஹாஷ் செய்யும் முன் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் ஒரே வரி. கடவுச்சொல்லை அமைக்கும் இடம், சரிபார்க்கும் இடம் இரண்டிலும் அதே வரி இருக்க வேண்டும்.

‘ஸ்ரீ’ மட்டும் இதற்கும் அடங்காது. ஸகரத்தில் தொடங்கி எழுதியதும் ஶகரத்தில் தொடங்கி எழுதியதும் பல எழுத்துருக்களில் ஒன்றாகவே தெரியும், ஆனால் என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. கடவுச்சொல்லில் வந்தால் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். யூசர் பெயரில் வந்தால், பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு கணக்கு உருவாகிவிடும்.

பட்டறைக்காரன் | செவ்வாய், மாலை 5.05

பெயரில் ஸ்ரீ உள்ளவர் எங்களிடமே இரண்டு பேர் இருக்கிறார்கள். லாகினுக்கு மின்னஞ்சலையே வைத்துவிடுகிறேன்.

வெண்பலகை | செவ்வாய், இரவு 7.40

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. பழைய செயலி ஒன்று கைக்கு வந்திருக்கிறது, லாகின் இருக்கிறது, ஆனால் எல்லாம் வெறும் எம்டி5, பழைய வேகமான ஹாஷ். எல்லாரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்லாமல் சரிசெய்ய முடியுமா?

நாலாம்வரி | செவ்வாய், இரவு 8.05

முடியும். இருக்கிற எம்டி5-ஐயே கடவுச்சொல்லாக நினைத்து, அதன் மேல் எஸ்-கிரிப்ட்டோ ஆர்கான்2-ஓ போட்டு இன்று இரவே டேபிள் முழுவதையும் மாற்றிவிடுங்கள். எந்த முறை என்று ஒரு ஃபீல்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது லாகின் ஆகும்போது உண்மையான கடவுச்சொல் கையில் இருக்கும் அல்லவா, அந்த நொடியில் நேரடி ஹாஷாக மாற்றுங்கள். ‘அவர்கள் லாகின் ஆகும்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்று மட்டும் விட்டால், திரும்ப வராதவர்களின் எம்டி5 அப்படியே கிடக்கும். பழைய பேக்கப் கோப்புகளையும் மறக்காதீர்கள்.

மாலைநேரம் | செவ்வாய், இரவு 9.30

முழுவதும் படித்தேன். ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ பக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முன்வாசலுக்கு நாலு பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தாமல் போகிற மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம்தான் கடவுச்சொல்லே தெரியாமல் உள்ளே விடும் வழி. எனக்கு அதில்தான் அதிக அடி விழுந்திருக்கிறது.

டோக்கன் தற்செயலாக இருக்க வேண்டும், டேபிளில் ஹாஷாக வைக்க வேண்டும், அரை மணி நேரத்தில் காலாவதியாக வேண்டும், ஒரு முறைதான் செல்ல வேண்டும். இது எல்லாரும் சொல்வது. நான் அதைச் சரியாகவே செய்திருந்தேன். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து மட்டும் ‘இணைப்பு காலாவதி ஆகிவிட்டது’ என்று புகார் வந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், அவர்களுடைய மின்னஞ்சல் சர்வர் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு இணைப்பையும் முன்கூட்டியே தானாகத் திறந்து பார்க்கிறது. மனிதர் கிளிக் செய்வதற்குள் டோக்கன் செலவாகிவிடுகிறது. அன்றிலிருந்து இணைப்பைத் திறந்தால் ஒரு ஃபார்ம் மட்டும் வரும்படி வைத்திருக்கிறேன். அதில் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால்தான் டோக்கன் செலவாகும்.

இணைப்பில் வரும் தளத்தின் பெயரையும் கவனியுங்கள். ஃபிளாஸ்க்கில் முழு முகவரியை உருவாக்கும்போது, நீங்கள் அமைப்பில் எழுதிவைக்காவிட்டால், வந்த கோரிக்கையின் ஹோஸ்ட் தலைப்பிலிருந்தே (எந்தத் தளம் வேண்டும் என்று கேட்பவர் பக்கம் எழுதி அனுப்பும் இடம்) பெயரை எடுத்துக்கொள்ளும். ஒருவன் வேறு ஹோஸ்ட் பெயரோடு உங்கள் மின்னஞ்சலுக்கு மீட்டமைப்புக் கேட்டால், உங்களுக்கு வரும் உண்மையான மின்னஞ்சலில் அவன் தளத்தின் முகவரி இருக்கும். கிளிக் செய்தால் டோக்கன் அவன் கையில். தளத்தின் பெயரை அமைப்புக் கோப்பில் எழுதி, அதையே பயன்படுத்துங்கள்.

கடவுச்சொல் மாறியதும் பழைய செஷன்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே பதில்: ‘அப்படி ஒரு கணக்கு இருந்தால் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம்’.

நாலாம்வரி | செவ்வாய், இரவு 9.55

அந்தக் கடைசி வரி லாகினுக்கும் பொருந்தும். வாசகம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். யூசர் இல்லை என்றால் உடனே பதில், இருந்தால் ஹாஷ் பார்த்துவிட்டுத் தாமதமாகப் பதில் என்றால், கடிகாரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். யூசர் இல்லாதபோதும் ஒரு பொய் ஹாஷோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் மறுத்துவிடுங்கள்.

பட்டறைக்காரன் | புதன், காலை 7.15

இரண்டு நாள் என்று சொன்னதற்கு இன்றோடு கெடு முடிகிறது. அடுத்த வாரம் வரை நேரம் கேட்டு வாங்கிவிட்டேன், முகம் சுளித்தார்கள். ஐந்து முறை தப்பாக அடித்தால் கணக்கைப் பூட்டிவிடலாம்தானே?

பழையசர்வர் | புதன், காலை 8.30

பூட்டினால் யாரை வேண்டுமானாலும் யாரும் வெளியே நிறுத்தலாம். மின்னஞ்சல் தெரிந்தால் போதும், ஐந்து முறை கன்னாபின்னா என்று தட்டிவிட்டுப் போகலாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மேலாளரின் கணக்கு தினமும் காலையில் பூட்டிக்கொள்ளும். யாரோ தாக்குகிறார்கள் என்று ஒரு மாதம் பரபரப்பு. கடைசியில், அவர் அலமாரியில் போட்டுவைத்திருந்த பழைய டேப்லெட் பழைய கடவுச்சொல்லோடு விடாமல் முயன்றுகொண்டிருந்தது.

பூட்டுவதைவிடத் தாமதப்படுத்துங்கள். தவறு கூடக்கூட காத்திருக்கும் நேரம் கூடட்டும். கணக்கு வாரியாக ஓர் எண்ணிக்கை, ஐபி வாரியாக ஓர் எண்ணிக்கை. ஒரே கணக்கில் பல கடவுச்சொல் போட்டுப் பார்ப்பவனைவிட, வேறு எங்கோ கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் ஜோடிகளை ஆயிரம் கணக்குகளில் ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பவன்தான் இப்போது அதிகம்.

நிர்வாகி கணக்குகளுக்கு இரண்டாம் படி கட்டாயம். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் எளிது, போனில் அதற்கான செயலி எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் போலிப் பக்கம் ஒன்று அந்த எண்ணையும் கேட்டு வாங்கி அதே நிமிடத்தில் பயன்படுத்திவிடலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனோ கணினியோ வைத்திருக்கும் சாவியான பாஸ்கீ என்றால் அது தளத்தின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும், போலித் தளத்தில் பிரவுசரே கொடுக்காது. முடிந்தால் அதையே வையுங்கள்.

டோக்கன்தம்பி | புதன், காலை 9.00

இவ்வளவு பட்டியலையும் பார்த்தபின் கேட்கிறேன், இதை ஏன் கையால் எழுத வேண்டும்? கூகுள் மூலம் லாகின் வைத்தால் கடவுச்சொல்லும் இல்லை, மீட்டமைப்பும் இல்லை. அல்லது லாகின் வேலையைத் தனியே கவனிக்கும் கீக்ளோக் சர்வரை நிறுவலாம்.

நாலாம்வரி | புதன், காலை 9.25

ஊழியர்களுக்கு நல்ல யோசனை. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் ஓஆத் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். அது ‘இந்தச் செயலிக்கு இந்த அனுமதி’ என்று சொல்லும் ஏற்பாடு, ‘வந்திருப்பவர் யார்’ என்று சொல்ல அதன் மேல் 2014-இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட் வேண்டும். யூசரை மின்னஞ்சலை வைத்து அடையாளம் காணாமல், டோக்கனில் வரும் ‘சப்’ மதிப்பை வைத்துக் காணுங்கள். மின்னஞ்சல் கைமாறும், அது மாறாது. கீக்ளோக் 12 பேருக்குக் கொஞ்சம் யானை.

எது எடுத்தாலும் 418 கேள்விக்குக் கூகுள் வந்து பதில் சொல்லாது.

பட்டறைக்காரன் | சனி, இரவு 11.20

வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. செஷன் டேபிள், கொக்கி, என்எஃப்சி, மீட்டமைப்பு எல்லாம் சேர்த்தாயிற்று. முதல் நிர்வாகியைக் கட்டளை வரியிலிருந்து உருவாக்கும்படி வைத்தேன். முதலில் ‘அட்மின், அட்மின்’ என்றுதான் வைத்திருந்தேன், 2016-இல் மிராய் என்ற தீநிரல் 60-க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது ஞாபகம் வந்ததும் தூக்கிவிட்டேன்.

ஒரு விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சோதித்துக்கொண்டிருக்கும்போது வேறு ஏதோ பிழைக்காக லாக் கோப்பைத் திறந்தேன். பழைய காலத்தில் பிழை தேட வசதி என்று ஒவ்வொரு ஃபார்மையும் முழுதாக லாகில் எழுதும்படி வைத்திருந்தேன். அதில் இன்று லாகின் செய்த எல்லாருடைய கடவுச்சொல்லும் பச்சையாக வரிசை கட்டி நிற்கிறது. இத்தனை எஸ்-கிரிப்ட் போட்டு என்ன பயன்?

மாலைநேரம் | சனி, இரவு 11.35

வெட்கப்படாதீர்கள். 2018 மே மாதம் ட்விட்டரே தன் உள் லாகில் கடவுச்சொற்கள் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, 33 கோடிக்கும் அதிகமான யூசர்களிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னது. அந்த வரியை நீக்குங்கள், லாக் கோப்புகளையும் அவற்றின் பேக்கப்பையும் அழியுங்கள், சோதனையில் உண்மையான கடவுச்சொல் கொடுத்தவர்களை மாற்றச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன் | ஞாயிறு, காலை 10.05

செய்தேன். பிறகு ஒரு வாடிக்கையாளர் கணக்கில் நுழைந்து, 417 என் எண், 418 என்று மாற்றினேன். 404 வந்தது. சந்தோஷமாக எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், ஒரு சந்தேகம். 418-இல் பழுதான பாகத்தின் போட்டோ ஒன்று இருக்கிறது. அந்தப் போட்டோவின் முகவரியை நகலெடுத்து லாகின் இல்லாத வேறு பிரவுசரில் போட்டேன். திறந்துவிட்டது.

பழையசர்வர் | ஞாயிறு, காலை 10.20

போட்டோக்கள் ஸ்டாட்டிக் கோப்புறையில் இருக்கின்றன, சரியா? அதை, ஃபிளாஸ்க்குக்கு முன்னால் நிற்கும் வலைச் சர்வரான என்ஜின்எக்ஸ் நேரடியாகக் கொடுக்கிறது. கோரிக்கை ஃபிளாஸ்க் வரைக்கும் வருவதே இல்லை, உங்கள் கொக்கி அதைப் பார்க்கவே போவதில்லை. போட்டோக்களை அந்தக் கோப்புறைக்கு வெளியே நகர்த்துங்கள். ஃபிளாஸ்க்கில் ஒரு பக்கம் எழுதி, அதே உரிமையாளர் சோதனை முடிந்தபின் அங்கிருந்து கொடுங்கள். வேகம் வேண்டுமென்றால், சோதனையை ஃபிளாஸ்க் செய்துவிட்டு எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் தலைப்பு வழியாகக் கோப்பை மட்டும் என்ஜின்எக்ஸிடம் ஒப்படைக்கலாம்.

பட்டறைக்காரன் | ஞாயிறு, மதியம் 12.50

நகர்த்திவிட்டேன். 404. பிடிஎஃப் ரசீதுகளும் அதே கோப்புறையில் இருந்தன, அவற்றையும் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.